சொம்புக்குள் இரண்டு ஊர்கள்

ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. பொன்னேரியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் சமையற்கட்டு. தரையில் ஒரு பித்தளைச் சொம்பு. அதன் வாயை என் மனைவி நாகம்மா உள்ளங்கையால் மூடிப் பிடித்திருக்கிறாள். எதிரே, தலைக்குக் குளித்த ஈரம் காயாமல், என் மகள் வசந்தா சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை என்பதால் அடுப்பில் மீன் இல்லை. ஆனால் பரணில் இருந்த கருவாட்டுக் கூடை, தான் அங்கே இருப்பதை யாரையும் மறக்க விடவில்லை.

சொம்புக்குள் இரண்டு சீட்டுகள். ஒன்று குவைத்து, மற்றொன்று கனடா. வசந்தாவின் கையில் எது வருகிறதோ அந்த ஊருக்கு அவள் போவாள். அப்படித்தான் பேச்சு.

நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொன்னார்கள், முழங்கால் மடங்கவில்லை.

“இன்னாய்யா, எக்ஸ்ரே எடுக்க நிக்கிற மாதிரி நின்னுக்கினு கீற? குந்து” என்றாள் நாகம்மா.

“நீ சொம்ப பாரு” என்றேன். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டேன். சீட்டுகளை எழுதி, மடித்து, உள்ளே போட்டவன் நான்தான். எனக்கு வேர்த்ததற்குக் காரணமும் அதுதான்.

வசந்தாவின் கை சொம்புக்குள் போவதற்குமுன் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். போன வாரம் இந்தப் பத்திரிகையில் தொழிற்சாலைச் சங்கைப் பற்றி எழுதுவதாகத் தொடங்கி, சங்கைத் தவிர எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். அவர் இந்த வாரமும் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு தூண்டில்

வசந்தா பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சுப் படிப்பு முடித்து, அங்கேயே வேலையும் பார்த்துவந்தாள். தினமும் ரயிலில் போய் ரயிலில் வருவாள். வெள்ளைச் சேலையில் கரித்தூள் படாமல் வீடு திரும்பும் வித்தை அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவளோடு படித்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போட்டார்கள். இவளும் போட்டாள். வலைக்காரர் வம்சம் அல்லவா, ஒரு தூண்டிலோடு நிற்பாளா? குவைத்துக்கு ஒன்று, கனடாவுக்கு ஒன்று. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூண்டில் போட்ட எல்லாருக்குமா மீன் கடிக்கிறது?

ஒரே வாரத்தில் இரண்டிலும் கடித்துவிட்டது.

குவைத்திலிருந்து வந்தது ஒற்றைத் தாள். இரண்டு வருஷ ஒப்பந்தம். தங்க இடம், சாப்பாடு, உடுப்பு எல்லாம் அவர்களே. ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்ப விமான டிக்கெட்டும் அவர்களே.

கனடாவிலிருந்து வந்தது கனமான உறை. மார்பு எக்ஸ்ரே எடு, இன்ன சான்றிதழ் கொண்டுவா என்று பக்கம் பக்கமாக இருந்தது. திரும்பி வரும் டிக்கெட்டைப் பற்றி எங்கேயும் ஒரு வரி இல்லை. ஏதாவது ஒரு மூலையில் பொடி எழுத்திலாவது போட்டிருப்பார்கள் என்று நான்கு தடவை படித்தேன். அதற்குப் பதிலாக ‘பர்மனென்ட்’ என்ற சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது. நிரந்தரமாகக் குடியேற வருகிறவர்கள் இதைச் செய்ய வேண்டும். நிரந்தரமாகக் குடியேற வருகிறவர்கள் அதைச் செய்ய வேண்டும்.

அந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் டைம் கீப்பர். தினமும் காலையில் கேட்டருகே நான்கைந்து தற்காலிகத் தொழிலாளிகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். “சார், இந்த வருசமாச்சும் பர்மனென்ட் பண்ணுவாங்களா சார்?” எங்கள் பக்கத்தில் ஒருவன் பர்மனென்ட் ஆகிவிட்டான் என்று கேள்விப்பட்டால் மறு வாரமே பெண் கொடுக்க வந்துவிடுவார்கள். ஆரம்பாக்கத்துப் பையன் ஒருவன் அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தான். கேட்டில் அவ்வளவு தித்தித்த சொல், தபாலில் வந்தபோது தொண்டையில் முள்ளாக நின்றது.

ரயில் பெட்டியில் நடந்த விசாரணை

என் வழக்கை நான் வேலைக்குப் போகும் ரயிலில்தான் முதலில் எடுத்துவைத்தேன். அந்தப் பெட்டியில் தீராத வழக்கே கிடையாது.

எங்கள் ஃபோர்மேன் ரங்கய்யா எனக்கு எதிர் இருக்கையில் வருவார். சூளூர்பேட்டைப் பக்கத்து ஆள். எதைச் சொன்னாலும் வெற்றிலை போட்டு முடித்த பிறகுதான் சொல்வார்.

“இதுல யோசன பண்றதுக்கு இன்னா கீது நைனா? குவைத்து போனா பொண்ணு திரும்பி வரும். கனடா போனா போட்டோ திரும்பி வரும்.”

அதே பெட்டியில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், யாரும் கேட்காமலே சேர்ந்துகொண்டாள்.

“கனடான்னா அந்த ஐஸ் கொட்ற ஊரா? நாங்க எறாவத்தான் ஐஸ்ல வெக்கிறோம். நீ இன்னாய்யா, பெத்த பொண்ண ஐஸ்ல வெக்கப் பாக்குற?”

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க கேட் நோட்டில் யார் பெயரை எழுதினாலும், மரத்தூளும் ஐஸும் நிறைந்த பெட்டியில் என் மகள் கண்ணை மூடிப் படுத்திருப்பதுபோலவே தெரிந்தது. வேலைக்கு வந்த மூன்று பேருக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டேன். இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அப்படி நடந்ததில்லை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். வசந்தா காலையில் குவைத்து என்பாள். சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கும்போது கனடா என்பாள்.

“நீ சொல்லு நைனா. நீ எத்த சொல்றியோ அத்தச் செய்றேன்.”

“உன் வாழ்க்க. நான் குறுக்க நிக்க மாட்டேன் கண்ணு” என்றேன். படித்தவன் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன்.

நாகம்மாவுக்கு இரண்டு ஊருமே ஒன்றுதான். “எந்த ஊரா இருந்தா இன்னா? மீன் கெடைக்குதா, அத்த மொதல்ல கேளு” என்றாள்.

இரண்டு இடத்துக்கும் பதில் எழுத வேண்டிய கெடு நெருங்கியது. ஒருநாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே நாகம்மா தீர்ப்பைச் சொன்னாள். “இன்னாத்துக்கு இந்த பேஜாரு? சீட்டு போடுங்க. நம்ம குப்பத்து ஏரிக்கே அதான் சட்டம். நமக்கின்னா?”

வசந்தா சிரித்தாள். “பொம்பளைங்களுக்கு ஏரியில வலை போட பாடே கெடயாது. எனக்கு எங்கம்மா சீட்டு?”

“ஏரியில இல்லாட்டி இன்னாடி? நீ சமுத்திரத்துல எடு.”

சீட்டு என்றால் என்ன

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரியில் மீன் நிறையப் படும் இடங்கள் சில. வலை வைத்திருப்பவர்களோ பலர். எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடுவது? இதற்கு எங்கள் முன்னோர்கள் கண்ட வழிதான் சீட்டு. குடும்பங்களின் பெயர்களை எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, அம்மன் கோயில் வாசலில் எடுப்பார்கள். உன் முறைக்கு வரும் இடத்துக்குப் பாடு என்று பெயர். எடுத்த சீட்டுக்கு மேல் பேச்சில்லை. அது அம்மன் வாக்கு.

இதில் மூன்று விதிகள் உண்டு. சீட்டை எழுதுகிறவன் சீட்டை எடுக்கக் கூடாது. எடுத்தவர் அங்கேயே பிரித்து உரக்கப் படிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் எழுதினவன் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். மூன்றாவது விதிதான் முக்கியம்: கடைசியில் குடத்தில் மிஞ்சும் சீட்டையும் பிரித்துப் படித்தே ஆக வேண்டும். ஒன்றுதானே பாக்கி, யார் பெயர் என்று தெரிந்ததுதானே என்று விட்டுவிடக் கூடாது.

எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன் எங்கள் குப்பத்தில் அப்போது நான் ஒருவன்தான். அதனால் பள்ளிக்கூடத்தில் படிக்கும் நாளிலிருந்தே சீட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. தொழிற்சாலை வேலைக்காகப் பொன்னேரிக்குக் குடிவந்த பிறகும், சீட்டு நாளில் பேனாவோடு பஸ் ஏறிப் போய்விடுவேன். வலை பிடிக்கத் தெரியாத என்னைக் குப்பத்தில் மதித்தார்கள் என்றால் அது இந்த ஒன்றுக்காகத்தான். ஒரு முறை எங்கள் சித்தப்பா ஒருவர் கள் வாசனையோடு வந்து, “நம்ம பேர ரெண்டு சீட்டுல எழுதி உள்ள தள்ளுடா, யாருக்குத் தெரியப்போது?” என்றார். நான் மூன்று வருஷம் அவரோடு பேசவில்லை.

அவ்வளவு யோக்கியன் நான்.

சமையற்கட்டில் யோக்கியன்

அந்த வெள்ளிக்கிழமை காலை, வசந்தா குளித்துக்கொண்டிருந்தாள். நாகம்மா சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, ஒரே அளவாக இரண்டு துண்டு போட்டேன்.

முதல் துண்டில் ‘குவைத்து’ என்று எழுதினேன். அழகாக வந்தது.

இரண்டாவது துண்டை எடுத்தேன். ‘க’ எழுதப் பேனாவை வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கனடா என்று எழுதத்தான் வைத்தேன். ரங்கய்யா சொன்ன போட்டோ ஞாபகம் வந்தது. மீன்காரியின் ஐஸ் பெட்டி ஞாபகம் வந்தது. குளியலறையில் வசந்தா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ‘க’வோடு நிறுத்திப் பேனாவை எடுத்துவிட்டேன். அந்தத் துண்டைக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இன்னொரு துண்டு கிழித்தேன்.

அதிலும் ‘குவைத்து’ என்று எழுதினேன்.

இரண்டையும் நாலாக மடித்துச் சொம்பில் போட்டேன். மிஞ்சும் சீட்டை நானே எடுத்து, கனடா என்று படித்துவிட்டுக் கிழித்துப்போடுவதாக ஏற்பாடு. குப்பத்தில் யாரும் இதுவரை செய்யாத பாவம். சித்தப்பாகூடக் கேட்டாரே தவிரச் செய்யவில்லை. இரண்டே வருஷம், திரும்பி வர டிக்கெட்டும் தருகிறார்கள், அம்மன் மன்னித்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மனுக்கும் பெண் பிள்ளை இருந்தால் புரியும் என்றுகூடச் சொல்லிக்கொண்டேன்.

கை உள்ளே போனது

இனி அந்த வாசகருக்குக் குறை இருக்காது. வசந்தா கையை உள்ளே விட்டாள்.

நாகம்மா கண்ணை மூடி அம்மனைக் கூப்பிட்டாள். சீட்டுகள் சொம்பின் அடியில் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. வசந்தா ஒன்றை எடுத்தாள். மெதுவாகப் பிரித்தாள். பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் ஒன்றும் அறியாதவன்போல முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயன்றேன். ‘குவைத்தா, நல்லதும்மா, போய்ட்டு வா’ என்று சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது.

“இன்னாடி? படியேன்” என்றாள் நாகம்மா.

வசந்தா சீட்டைக் கைக்குள் மடக்கினாள். தலையை நிமிர்த்தினாள்.

“கனடா” என்றாள்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. சொம்பில் கனடாவே கிடையாது. அது என் சட்டைப் பையில், வெறும் ஒரு ‘க’வாகக் கசங்கிக் கிடக்கிறது. என் மகள், அம்மன் பெயரைச் சொல்லி எடுத்த சீட்டைப் பார்த்து, பச்சைப் பொய் சொல்கிறாள்.

எனக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். ‘காட்டு’ என்றால் போதும். எழுதினவன் கேட்டால் எடுத்தவள் காட்டியே ஆக வேண்டும். அவள் கையில் இருப்பது குவைத்து. அவள் பொய் வெளியே வரும். என் பொய் சொம்புக்குள்ளேயே இருக்கும். மகளும் இரண்டு வருஷத்தில் திரும்பி வருவாள்.

வாயைத் திறந்தேன்.

அதற்குள் நாகம்மா முந்திக்கொண்டாள். “சரி, மீதிச் சீட்டையும் எட்த்து படி. சட்டம்னா சட்டந்தான்.”

அப்போதுதான் வசந்தாவின் முகத்தைப் பார்த்தேன். ரத்தம் வடிந்த மாதிரி வெளுத்துவிட்டது. ஏன் என்று எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. அவளைப் பொறுத்தவரை சொம்பில் மிஞ்சியிருப்பது கனடா. அதைப் பிரித்தால் அவள் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும்.

“அத்த இன்னாத்துக்கும்மா படிக்கணும்? அதுல இன்னா இருக்கும்னு தெரியாதா?” என்றாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்குத் தைரியம் சொன்ன பெண், சொம்பின் வாயை இன்னொரு கையால் மூடினாள்.

“தெரிஞ்சாலும் படிக்கணும்” என்றாள் நாகம்மா, சொம்பை என் பக்கம் தள்ளி. “நீ எழுதினவன். நீயே படிய்யா.”

வசந்தா என்னைப் பார்த்தாள். ‘வேண்டாம் நைனா’ என்று கண் சொன்னது. மூன்று வயதில் ஏரியில் முதல் தடவை இறக்கியபோது என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தாளே, அந்தப் பார்வை. குவைத்துச் சீட்டைக் கையில் பார்த்த பிறகும் கனடா என்று சொல்கிற அளவுக்கு அவளுக்கு அந்த ஊர் வேண்டியிருக்கிறது. அது அவளுக்கே இப்போதுதான் தெரிந்திருக்கிறது. பத்து நாளாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அவளே பதில் சொல்லிவிட்டாள்.

முழங்கால் தானாக மடங்கியது. உட்கார்ந்தேன். சொம்பில் கைவிட்டு மிஞ்சிய சீட்டை எடுத்தேன். பிரித்தேன். வசந்தா நன்றாகப் பார்க்கும்படி அவள் பக்கம் திருப்பிப் பிடித்து, அந்தக் காலையின் ஒரே உண்மையைப் படித்தேன்.

“குவைத்து.”

வசந்தா அந்தச் சீட்டைப் பார்த்தாள். மடக்கிய தன் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கணக்கில் கெட்டிக்காரி. புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. அவள் கன்னம் உப்பியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

“இன்னாத்துக்குடி அழுவுற? அம்மனே சொல்லிட்டா, கனடாதான்னு. சீட்டு பொய் சொல்லுமா?” என்றாள் நாகம்மா, சொம்பைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே.

நானும் மகளும் ஒரே நேரத்தில் “சொல்லாது” என்றோம்.

கண்ணாடி வந்த கதை

இதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மீனம்பாக்கத்தில் வழியனுப்பிய அன்று, உள்ளே போவதற்குமுன் திரும்பி வந்து என் காதில் ஒன்று சொன்னாள்.

“நைனா, உன் எழுத்து ரெண்டுலயும் ஒரே மாதிரி அழகா இருந்துச்சி.”

அவ்வளவுதான். போய்விட்டாள். ரங்கய்யா சொன்னது பலித்தது. முதலில் வந்தது போட்டோதான். இடுப்பளவு பனியில் நின்று சிரிக்கிறாள். நாகம்மா அதைப் பார்த்துவிட்டு, “கெட்டுப் போவாம நல்லாத்தான் கீறா” என்றாள்.

அந்த வருஷம் சீட்டு நாளுக்குக் குப்பத்திலிருந்து ஆள் வந்தபோது எனக்குப் பேனாவைத் தொடத் துணிவு வரவில்லை. கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பினேன். நாகம்மா விட்டாளா? கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே சோதித்துப் பார்த்தால் கண் நிஜமாகவே கெட்டிருந்தது. மூக்கில் கண்ணாடியை மாட்டி அனுப்பிவிட்டார்கள். என் பொய்களில் உண்மையாகிப்போனது அது ஒன்றுதான். இப்போது சீட்டு எழுதுவது ஐந்தாறு வகுப்பு படித்த ஒரு பையன். எழுத்து கோழி கிளறினதுபோல இருக்கிறதாம். ஆனால் யோக்கியன் என்கிறார்கள்.

குப்பத்துக்காரர்கள் இந்தப் பத்திரிகையைப் படிக்கக்கூடும். என்ன தண்டனை விதித்தாலும் கட்டுப்படுகிறேன். நாகம்மாவுக்குப் படிக்கத் தெரியாது; அவளுக்கு மட்டும் யாரும் இதைப் படித்துக் காட்டிவிட வேண்டாம்.

இந்த முறை அவள் அனுப்பியது

போன வாரம் வசந்தாவின் கடிதம் வந்தது. அதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. எழுத்துப்பிழை இருந்தால் ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஊர்ச் சட்டப்படி அவள் தாய் தகப்பனை நிரந்தரமாக அங்கே கூப்பிட்டுக்கொள்ளலாமாம். அதற்கு விண்ணப்பம் வாங்கிவைத்திருக்கிறாளாம். ‘நீங்கள் இங்கே வந்துவிடுகிறீர்களா, இல்லை பொன்னேரியிலேயே இருக்கிறீர்களா? நீ யோசித்து யோசித்து உடம்பைக் கெடுத்துக்கொள்வாய் நைனா. அதனால் சீட்டு போட்டு அனுப்பியிருக்கிறேன். ஒன்று கனடா, ஒன்று பொன்னேரி. அம்மாவை எடுக்கச் சொல். நீ படி.’

உறைக்குள் நாலாக மடித்த இரண்டு சீட்டுகள் இருந்தன. இரண்டிலும் கனடா என்றுதான் இருக்கும், யார் பெற்ற பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

நாகம்மா அதே சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தாள். அதே இடத்தில் வைத்தாள். அம்மனைக் கூப்பிட்டுக் கையை விட்டாள். ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

பிரித்தேன். வெறும் காகிதம். திருப்பிப் பார்த்தேன், அங்கேயும் ஒன்றுமில்லை. சொம்பில் கிடந்ததையும் எடுத்துப் பிரித்தேன். அதுவும் வெள்ளை.

நமக்கு எந்த ஊர் வேண்டும் என்பது சீட்டில் இல்லை, உரக்கப் படிக்கும்போது வாய் எதைச் சொல்கிறதோ அதில்தான் தெரியும் என்று அன்றைக்கே அவள் கற்றுக்கொண்டாள். எனக்கும் அந்த வாய்ப்பையே அனுப்பியிருக்கிறாள்.

“இன்னாய்யா எழுதிக்கீது? படி.”

ஏரி ஞாபகம் வந்தது. ரயில் பெட்டி ஞாபகம் வந்தது. இடுப்பளவு பனியில் நிற்கும் பெண் ஞாபகம் வந்தாள். சீட்டைக் கண்ணருகே கொண்டுபோனேன்.

“எழுத்து தெரியலியா?”

“தெரியல. கண்ணாடி எங்க வெச்சன்னு பாரு” என்றேன்.

நாகம்மா அலமாரியைத் திறந்து தேட ஆரம்பித்தாள். பாவம், அவசரத்தில் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது.